பிரசவ அறையில் துணைக்கு நிற்கும் பெண்ணுக்கு யார் சொல்லித்தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைக்குள் கர்ப்பிணிக்குத் துணையாகப் பெண் உறவினர் ஒருவரை அனுமதிக்கும் முறையைத் தமிழகம் 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. மத்திய அரசு அதை நாடு முழுவதற்கும் விரித்தது 2016-ல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் முந்திக்கொண்ட நாம், உள்ளே விட்டதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். வலியில் துடிக்கிற பெண்ணின் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும், எதில் கை வைக்கக் கூடாது என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லித்தருகிற வழக்கம், தாய் சேய் நலப் பணியில் உள்ள செவிலியர்களான நாங்கள் அறிந்தவரை, மிகச் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில்தான் இருக்கிறது. மற்ற இடங்களில் அவர் சுடுதண்ணீர் வாங்கி வரவும், துணி அலசவும், கையெழுத்துப் போடவும்தான் பயன்படுகிறார்.

கிராமத்தில் பிரசவத்தைப் பற்றிய பேச்சு நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலும், குழுக் கூட்டத்திலும், குழாயடியிலும் நடக்கிறது. அங்கே செவிலியர் சொல்வதைவிட, “நான் கூடவே இருந்தேன், கண்ணால பாத்தேன்” என்று ஒரு பெண் சொல்வதுதான் எடுபடும். அவர் சரியாகத் தெரிந்துகொண்டு போனால் தெருவே தெரிந்துகொள்ளும். அரைகுறையாகப் புரிந்துகொண்டு போனால் அதுவும் அதே வேகத்தில் பரவும். “ஊசி போட்டாங்க, டக்குனு பொறந்துருச்சு” என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்து வருகிற குடும்பம் “எங்க புள்ளைக்கும் அந்த ஊசியப் போடுங்க” என்று வாசலில் நிற்கும்.

முதல் சிக்கல், யாருக்குச் சொல்லித்தருவது என்பதிலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போய்விடுகிறார்கள். அதுவரை செவ்வாய்க்கிழமைப் பரிசோதனைகளுக்கு அவளோடு வந்தவர் மாமியார், அல்லது ஓரகத்தி. பிரசவ அறைக்குள் வரப்போவதோ வேறு ஊரில் இருக்கும் அம்மா. ரத்த அழுத்தம் ஏறி இறங்கியது, ஹீமோகுளோபின் குறைந்து இரும்புச்சத்து ஊசி ஏற்றியது, ஸ்கேனில் நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாகச் சொன்னது, எதுவும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. தாய் சேய் நல அட்டையில் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. அதை அவருக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை. எனவே புகுந்த வீட்டு ஊரில் மட்டும் சொல்லிக்கொடுப்பதில் பாதி வீணாகப் போகிறது. பெண் தாய் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர் அவளையும் துணைக்கு வரப்போகிறவரையும் ஒன்றாக உட்கார வைத்து, அட்டையைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பேச வேண்டும்.

துணைக்கு வருபவர் பெண் உறவினராக, முடிந்தவரை தானும் பிள்ளை பெற்றவராக இருக்க வேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். தொற்றுநோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேண்டும், சிகிச்சையில் தலையிடக் கூடாது, அடுத்த மேசையில் இருக்கும் பெண்ணைக் கவனிக்கப் போகக் கூடாது, பிரசவம் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். இதில் கடைசி நிபந்தனைதான் அதிகம் மீறப்படுகிறது. அம்மா ஒரு மணி நேரம், சித்தி ஒரு மணி நேரம் என்று ஆள் மாறுகிறார்கள். அப்படி மாறும்போது, கடைசியாக எப்போது சிறுநீர் போனாள், பனிக்குடம் எப்போது உடைந்தது, என்ன நிறத்தில் போனது என்பதை ஒரே ஆளாகச் சொல்ல யாரும் இருப்பதில்லை. ஒருவரை முடிவு செய்துவிட்டு, அவருக்குக் காய்ச்சலோ இருமலோ வந்தால் பதிலுக்கு இன்னொருவரை எட்டாம் மாதத்திலேயே தயார் செய்து வைப்பதுதான் சரி.

இனி, என்ன சொல்லித்தர வேண்டும் என்பது. வலியிலிருந்தே தொடங்கலாம். சூட்டு வலியா, பிள்ளை வலியா என்று பார்க்கச் சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுப்பது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அதில் தவறில்லை. ஆனால் கூடவே வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கக் கற்றுத்தர வேண்டும். பிள்ளை வலியில் வயிறு முழுவதும் இறுகும், பிறகு தளரும். ஒரு இறுக்கம் தொடங்கிய நேரத்திலிருந்து அடுத்த இறுக்கம் தொடங்கும்வரை செல்போன் கடிகாரத்தில் பார்த்து ஒரு தாளில் குறிக்க வேண்டும். இடைவெளி குறைந்துகொண்டே வந்து, ஒவ்வொரு வலியும் நீண்டுகொண்டே போனால் அது பிள்ளை வலி. நடந்தாலும் படுத்தாலும் அது நிற்காது. பத்து நிமிடத்தில் மூன்று வலி, ஒவ்வொன்றும் 40 விநாடிக்கு மேல் என்றால் பிரசவம் நன்றாகச் சூடுபிடித்துவிட்டது என்று பொருள். அதுவரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஏற்கெனவே பெற்றவளுக்கு இந்தக் கட்டம் சடுதியில் வந்துவிடும். விளக்கெண்ணெய் கொடுத்து வலியைக் கிளப்பப் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்து, தெம்பு வேண்டிய நேரத்தில் அவள் துவண்டுபோவாள்.

சில நிலைமைகளில் சீரகத் தண்ணீருக்கும் நேரமில்லை, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். வலி இல்லாமலே ரத்தம் போவது, பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, தலைவலியோடு கண் மங்குவது, முகம் வீங்குவது, வலிப்பு. பிள்ளை அசைவு குறைவதும் இதே கணக்குதான். பன்னிரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரிய வேண்டும். “கடைசி மாசத்துல அப்படித்தான் அடங்கிப் போகும்” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வது எங்களை மிகவும் கலங்கடிக்கிற பேச்சு. கடைசி மாதத்தில் இடம் குறைவதால் அசைவின் தன்மை மாறலாம், எண்ணிக்கை விழக் கூடாது.

பிரசவ அறைக்குள் வந்த பிறகு துணையாளரின் வேலை பெரும்பாலும் உடல் சார்ந்தது. அவளை மல்லாந்து படுக்க விடக் கூடாது. மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டிப் போகிற பெரிய ரத்தக் குழாயை அழுத்தும். தாயின் ரத்த அழுத்தம் இறங்கும், பிள்ளைக்குப் போகிற ரத்தமும் குறையும். நடக்கலாம், உட்காரலாம், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், படுத்தால் இடப்பக்கமாகப் படுக்கலாம். வலி வரும்போது இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடிகிற தட்டையான இடத்தில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, கையைத் தேய்க்காமல் ஊன்றி அழுத்தி, வலி விட்டதும் கையை எடுக்க வேண்டும். பிள்ளையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் வலி முழுவதும் இடுப்பிலேயே இருக்கும். அப்போது இந்த அழுத்தம் கொடுக்கிற நிம்மதி பெரிது. செவிலியர் தடை சொல்லாத வரை தண்ணீர், கஞ்சித் தண்ணீர், இளநீர், மோர் என்று மிடறு மிடறாகக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். நிறைந்த சிறுநீர்ப்பை பிள்ளையின் தலை இறங்க வழி விடாது, பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்கவும் விடாது. ஒருவரும் பெரிதாக நினைக்காத இந்தச் சின்ன வேலைக்கு வேறு யாரையும்விடத் துணையாளரே பொருத்தமானவர்.

அடுத்து, “முக்கு, முக்கு” என்று கத்துவது. இதை நிறுத்தினாலே பல பிரசவங்கள் சுமுகமாகும். கருப்பை வாய் முழுதாக, அதாவது 10 சென்டிமீட்டர், திறக்கும்முன் முக்கினால் அந்த வாயின் விளிம்பு தலைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கி வீங்கும். திறக்க வேண்டியது திறக்காமல் நின்றுவிடும். உண்மையில் முக்க வேண்டிய நேரத்தில் அவளுக்குத் தெம்பும் இருக்காது. செவிலியர் சொல்லும்வரை, வாயைத் திறந்து மெதுவாக மூச்சை ஊதி விடச் சொல்லித் தானும் கூடவே ஊத வேண்டும். சொல்வதைவிட கூடவே செய்வது பலிக்கும். வலியில் இருப்பவளின் காதில் வார்த்தை ஏறாது, எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்து அப்படியே செய்வாள்.

மேல்வயிற்றைப் பிடித்துக் கீழே தள்ளுவதை யார் செய்யச் சொன்னாலும் செய்யக் கூடாது. கருப்பை கிழியலாம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம், ஆசனவாய் வரை சதை கிழியலாம். டிரிப்ஸ் உருளையைத் தொடக் கூடாது. “மெதுவா இறங்குது, கொஞ்சம் திறந்து விடுவோம்” என்று உறவினர் ஒருவர் உருளையை நகர்த்துவது நடக்கிற காரியம்தான். அந்த பாட்டிலில் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் மருந்து கலந்திருந்தால் சொட்டு கூடக் கூட வலிகள் இடைவெளி இல்லாமல் அடுக்கி வரும். பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் ஒரு வலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் பிள்ளைக்குப் போதிய ரத்தம் போகாது, நாடித்துடிப்பு விழும். முன்பு ஆபரேஷன் ஆன கருப்பையாக இருந்தால் பழைய தையல் பிளக்கும் ஆபத்து இருக்கிறது.

ஊரில் பேசுகிற “அந்த ஊசி” பெரும்பாலும் இதே ஆக்சிடோசின்தான். பிள்ளை பிறந்த பிறகு, ஒரு நிமிடத்துக்குள், 10 யூனிட் தொடையில் போடப்படும்போது அது உயிரைக் காக்கிற மருந்து. கருப்பையைச் சுருக்கி ரத்தப்போக்கைத் தடுக்கிறது. பிறக்கும் முன் அளவு பார்க்காமல் ஊசியாகப் போட்டால் அதே மருந்து உயிரை எடுக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் துணைக்கு வந்த பெண் ஊருக்குப் போய்ச் சரியாகச் சொன்னால், ஊசி போடச் சொல்லி எழுகிற வற்புறுத்தல் பாதியாகக் குறையும் என்று நம்புகிறோம்.

பிள்ளை பிறந்ததும் தேவைப்படுபவை துவைத்து வெயிலில் காய வைத்த இரண்டு பருத்தித் துணிகள். பழைய வேட்டியே போதும். ஒன்றில் உடலைத் துடைத்துவிட்டு அந்த ஈரத் துணியை அப்புறப்படுத்த வேண்டும். ஈரத்திலேயே சுற்றி வைப்பதுதான் பிள்ளை சில்லிட்டுப் போக முதல் காரணம். தாயின் வெற்று மார்பில் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டாவது துணியால் மேலே போர்த்தி, தலைக்குக் குல்லாய் போட வேண்டும். துணையாளர் அவ்வப்போது பிள்ளையின் உள்ளங்காலையும் வயிற்றையும் தொட்டுப் பார்க்கலாம். கால் சில்லென்று இருந்து வயிறு வெதுவெதுப்பாக இருந்தால் குளிர ஆரம்பித்திருக்கிறது, தாயோடு இன்னும் ஒட்டிப் போர்த்த வேண்டும். இரண்டுமே சில்லென்று இருந்தால் செவிலியரை உடனே கூப்பிட வேண்டும். 24 மணி நேரத்துக்குக் குளிப்பாட்டக் கூடாது. தோலில் இருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கு இல்லை, தேய்த்து எடுக்கவும் கூடாது.

சேனை வைப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ராசியான கைக்காரர் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைத்தால் அவருடைய குணம் வரும் என்ற நம்பிக்கை ஆழமானது, அதைக் கேலி செய்து பயனில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை குடிக்க வேண்டிய சீம்பாலை அது தள்ளிப்போடுகிறது என்பதையும், தேனில் இருக்கக்கூடிய கிருமி பிறந்த குழந்தையின் நரம்புகளை முடக்கக்கூடியது என்பதையும் பாட்டிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். அந்தப் பெரியவரையே கூப்பிட்டு, பிள்ளையைத் தாயின் மார்பில் எடுத்து வைக்கச் சொன்னால் மரியாதையும் கெடாது. பிள்ளை சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதைத் துணையாளரே பார்க்கலாம். வாய் அகலத் திறந்து, கீழ் உதடு வெளியே மடிந்து, மோவாய் மார்பில் முட்டிக்கொண்டிருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வியிருந்தால் புண்ணாகும், பாலும் இறங்காது. பிறகு “பால் பத்தலை” என்று புட்டிப்பால் வரும்.

பிரசவத்துக்குப் பிந்தைய முதல் இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் பிள்ளையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தாய் தனியாகக் கிடக்கிறாள். ரத்தப்போக்கு ஆபத்தாக மாறுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். துணையாளர் அவளை விட்டு நகரக் கூடாது. தொப்புள் மட்டத்தில் கருப்பையைத் தொட்டால் நம் நெற்றியைத் தொடுவது போல் கெட்டியாக இருக்க வேண்டும். எப்படித் தொடுவது என்று செவிலியர் ஒருமுறை கையைப் பிடித்துக் காட்டிவிட்டால் போதும். குழைந்து போயிருந்தாலோ, வைத்த பேட் ஐந்து நிமிடத்துக்குள் நனைந்து ஊறினாலோ, கட்டி கட்டியாகப் போனாலோ, அவள் வியர்த்து வெளிறி “தலை சுத்துது” என்றாலோ அங்கிருந்தே குரல் கொடுத்துச் செவிலியரை வரவழைக்க வேண்டும். அரை லிட்டர், அதாவது இரண்டு டம்ளர் அளவுக்கு மேல் ரத்தம் போவது ஆபத்து. ரத்தசோகை உள்ளவளுக்கு அதற்குக் குறைவாகப் போனாலே தாங்காது. நனைந்த துணியை ஒளித்து வைப்பதும் உடனே அலசிப் போடுவதும் நம் பெண்களின் பழக்கம். அலசாமல் ஓரமாக வைத்துச் செவிலியரிடம் காட்ட வேண்டும். எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அதுதான் கணக்கு.

வீட்டுக்குப் போன பிறகு பத்தியம் தொடங்குகிறது. பூண்டு, சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, நாட்டுக்கோழி முட்டை எல்லாம் நல்ல உணவு, தாராளமாகக் கொடுக்கலாம். தண்ணீரை மறுப்பதுதான் கெடுதல். “தண்ணி குடிச்சா வயிறு பெருத்துடும்” என்று நாளெல்லாம் ஒரு சொம்பில் நிறுத்துகிறார்கள். அதனால் மலச்சிக்கல் வந்து தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிறுநீரில் கிருமி சேர்கிறது, படுத்தே கிடப்பவளுக்குக் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர் வெந்நீர் என்று வைத்துக்கொண்டால் பாட்டியும் ஒத்துக்கொள்வார், உடம்புக்கும் கிடைத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதம் தொடர வேண்டும். அதைக் கால்சியம் மாத்திரையோடும் காபி, டீயோடும் சேர்த்து விழுங்கக் கூடாது, உடம்பில் ஏறாது. பிள்ளையின் தொப்புளில் எதுவும் பூச வேண்டாம். சாம்பிராணிப் புகைக்குள் பிள்ளையைக் காட்ட வேண்டாம்.

பிரசவ ஜன்னி என்று சொல்லி மந்திரிக்கப் போகிற பெண்களில் சிலருக்கு இருப்பது ரத்த அழுத்தத்தால் வருகிற வலிப்பு. கர்ப்பத்தில் அழுத்தம் சரியாக இருந்தவளுக்கும் பிரசவத்துக்குப் பிறகு, ஆறு வாரம் வரைகூட, இது வரலாம். கடுமையான தலைவலி, கண் முன் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி முன்னறிவிப்பாக வரும். குளிர் காய்ச்சலோடு நாற்றமடிக்கும் போக்கு இருந்தால் அது கருப்பையில் கிருமி. இரண்டுக்கும் மருத்துவமனைதான் இடம். 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கு வந்து பார்க்கும் முறை இருக்கிறது. அந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைக்கும் பொறுப்பைத் துணையாளருக்கே கொடுக்கலாம்.

இவ்வளவையும் ஒரே நாளில் கொட்டினால் தலையில் நிற்காது. இருபது நிமிடம் வீதம் மூன்று அமர்வுகள் போதும். எட்டாம் மாதத்தில் வலியும் ஆபத்து அறிகுறிகளும், ஒன்பதாம் மாதத்தில் பிரசவ அறையைச் சுற்றிக் காட்டி உள்ளே செய்ய வேண்டியவை, வீட்டுக்கு அனுப்பும் நாளில் பத்தியமும் தாயைக் கவனிப்பதும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். துணிப் பொம்மையை வைத்துச் செய்துகாட்டச் சொன்னால் தப்பு எங்கே என்று அங்கேயே தெரிந்துவிடும். மலைக் கிராமப் பெண்கள் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகளில் துணையாளரும் கூடவே தங்குகிறார். சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது.

எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த படி. 42 நாள் முடிந்த பிறகு, துணைக்கு நின்ற பெண்ணை ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்து, காத்திருக்கும் கர்ப்பிணிகளிடமும் அவர்களோடு வந்தவர்களிடமும் பத்து நிமிடம் பேசச் சொல்ல வேண்டும். செவிலியர் பக்கத்தில் இருந்து, தவறாகச் சொன்னதை மட்டும் திருத்தினால் போதும். அங்கன்வாடிகள் மூலம் நடத்தப்படும் சமுதாய வளைகாப்பில் வளையலும் கலவைச் சாதமும் கொடுக்கும்போது ஊரின் மூத்த பெண்கள் எல்லோரும் ஓரிடத்தில் இருக்கிறார்கள். அங்கேயும் இவர்களைப் பேச வைக்கலாம். வயதான மருத்துவச்சிகள் இன்னும் இருக்கிற ஊர்களில் அவர்களையும் ஒதுக்க வேண்டாம். வலியில் இருப்பவளை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நம்மில் பலருக்குத் தெரியாது. பிரசவம் பார்ப்பது செவிலியர் கையில் இருக்கட்டும், துணைக்கு நிற்பதை அவர்கள் சொல்லித்தரட்டும்.

கூட்டம் கூடும், தொற்று வரும், செல்போனில் படம் எடுப்பார்கள், சண்டைக்கு வருவார்கள் என்று பிரசவ அறையில் வேலை செய்பவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஒருவர் மட்டும், செல்போன் வெளியே, உள்ளே வரும்போது கை கழுவி மேலங்கி போடுவது என்று கறாராக வைத்தால் இவை அடங்கும். மேசைக்கு மேசை திரை, துணையாளர் உட்கார ஒரு ஸ்டூல். பெரிய செலவு இல்லை. என்ன நடக்கிறது என்று புரியாத உறவினர்தான் பயத்தில், “வலி தாங்கல, கிழிச்சு எடுத்துடுங்க” என்று நிற்கிறார். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சை மூலம் நடக்கின்றன. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, இடைவிடாத துணை கிடைத்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடுவதையும், அறுவை சிகிச்சை குறைவதையும், வலி நேரம் சுருங்குவதையும் காட்டியிருக்கிறது.

மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் நாங்கள் கேட்பது மூன்று. தாய் சேய் நல அட்டையில் துணையாளர் பெயருக்கும், அவர் முடித்த அமர்வுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். பெண் தாய் வீட்டுக்கு மாறும்போது அந்த ஊர்ச் செவிலியருக்குத் தகவல் போவதோடு, துணையாளரைச் சந்திப்பதும் அவருடைய வேலைப் பட்டியலில் சேரட்டும். இதற்காகச் செலவிடும் நேரத்தைக் கணினிப் பதிவு வேலைகளிலிருந்து குறைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே பதிவேடுகளில் மூழ்கியிருப்பவர் தலையில் இன்னொன்றை வைத்தால், பேசாமலே பேசியதாக எழுதப்படும்.

இப்படிக்கு,
தாய் சேய் நலப் பணியில் உள்ள செவிலியர்கள் சிலர்